உடம்பு பழகிவிடுமா? வேலை, கருவி, உடல், மனம்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கமநல சேவை நிலையக் கூட்டங்களிலும், ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பஸ்ஸிலும், பிரதேச செயலகத்து மதிய இடைவேளையிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டத்தவரையும் மனதில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன். வலி இருப்பவர் மருத்துவரைப் பார்க்கவேண்டும். அந்த வலி வேலையின் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று தேடுவதற்குத்தான் இந்தப் பக்கம்.

முதுகுவலி எல்லாக் கமக்காரருக்கும் உள்ளதுதானே? உடம்பு பழகினால் சரியாகிவிடாதா?

தசை பழகும். மூட்டுக் குருத்தெலும்பும் முள்ளந்தண்டின் இடைத்தட்டும் அவ்வளவு எளிதில் பழகுவதில்லை. ஆண்டுக்கணக்காகக் குனிந்து பாரம் தூக்கினால் அவை தேயும், பிதுங்கும். இருபது வயதில் வரம்பு கட்டும்போது தெரியாத நோவு நாற்பதில் தெரிவது இதனால்தான்.

வன்னியில் தாங்குகிறவருக்குப் பெரிய மரியாதை. இடம்பெயர்ந்து, இழந்து, 2009க்குப் பிறகு பற்றை வெட்டித் திரும்பவும் வயலில் இறங்கியவரிடம் போய், உங்கள் மண்வெட்டிப் பிடி கட்டையாக இருக்கிறது என்று சொன்னால் சிரிப்பார். அந்தச் சிரிப்பு நியாயமானது. ஆனால் அதே மரியாதையைப் பிடித்துக்கொண்டு, "எங்கள் சனம் எதையும் தாங்கும்" என்று சாய்மானமுள்ள கதிரைக்குப் பதில் வெறும் வாங்கு போடும் முதலாளிமாரும் இருக்கிறார்கள். தாங்கும் வலிமை ஆளுக்குச் சொந்தம். அதைக் காட்டி மோசமான கருவியை ஒருவர் தலையில் கட்டமுடியாது. ஆகவே கீழே வரும் பதில்கள் எல்லாவற்றிலும் ஒரே வரிசையைத்தான் பிடித்திருக்கிறேன்: முதலில் கருவியை மாற்றுங்கள், அடுத்து வேலை பங்கிடும் முறையை மாற்றுங்கள், ஆளுக்குப் புத்தி சொல்வதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

மண்வெட்டியும் ஒரு பிரச்சினையா? அப்பா காலத்திலிருந்து இதே பிடிதானே?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இந்தக் கேள்வி உயர்நீதிமன்றம் வரை போனது. சலாது, பீட் வயல்களில் களையெடுக்கவும் நெருக்கமான நாற்றைக் கலைக்கவும் மிகக் குட்டையான பிடியுள்ள மண்வெட்டியைத் தொழிலாளரிடம் கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் மெக்சிக்கோவைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். நாள் முழுவதும் இடுப்பை மடித்துக் குனிந்தபடியே நகரவேண்டும். பயிருக்குக் கிட்ட நின்றால் வேலை நுணுக்கமாக வரும் என்பது முதலாளிமார் சொன்ன காரணம். சொல்லாத வசதி ஒன்றும் இருந்தது. வயலில் யாராவது நிமிர்ந்தால், ஓய்வெடுக்கிறார் என்று மேற்பார்வையாளருக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். முதுகு கெட்ட தொழிலாளரும் மருத்துவர்களும் சாட்சி சொன்ன பிறகு, 1975இல் அந்தக் கருவிக்குத் தடை வந்தது. நீண்ட பிடியோடும் சலாது விளைந்துகொண்டுதான் இருக்கிறது.

நமக்குக் கலிபோர்னியா வரை போகவும் தேவையில்லை. அப்பர் சுவாமிகளின் திருவுருவத்தில் தோளோடு சாய்ந்திருக்கும் உழவாரத்தைப் பாருங்கள். பிடி நீளம், ஆள் நிமிர்ந்து நிற்கிறார். நம்முடைய வளவுகளில் புல் செருக்கும் உழவாரத்துக்கு முழ நீளப் பிடிகூடக் கிடையாது, குந்தியிருந்தே செருக்குகிறோம். (சிற்பி கருவியை அளந்துதான் செய்தார் என்று வாதாட நான் வரவில்லை.)

தள்ளியோ இழுத்தோ களையெடுக்கும் கருவிக்கு, நீங்கள் நிமிர்ந்து நிற்கும்போது பிடியின் நுனி நெஞ்சுக்கும் நாடிக்கும் இடையில் வரட்டும். ஓங்கி வெட்டும் மண்வெட்டிக்கு அவ்வளவு நீளம் சரிவராது. ஓங்கும் பாரம் கூடிவிடும். அதில் கவனிக்கவேண்டியது அலகின் கோணம். அலகு பிடிப்பக்கம் அதிகம் மடிந்திருந்தால், அது மண்ணில் இறங்குவதற்கு நீங்கள் இன்னும் குனியவேண்டும். கொல்லரிடம் கொடுத்தால் சற்று விரித்துத் தருவார். பிடியின் தடிப்பு ஒன்றேகால் அங்குலத்திலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் இருப்பது நல்லது. மெல்லிய பிடியை விரல்கள் இறுக்கிக்கொண்டே இருக்கவேண்டும். தடித்த பிடி சிறிய கைக்குள் அடங்காது. கணவனும் மனைவியும் வயலில் இறங்கும் வீட்டில் அவரவர் உயரத்துக்கு இரண்டு மண்வெட்டி வைத்திருப்பது வீண்செலவல்ல.

ஒருவர் எத்தனை கிலோ வரை தூக்கலாம்?

55, 23 என்ற இரண்டு எண்களை நினைவில் வைத்திருங்கள். வளர்ந்த ஆண் ஒருவர் சுமக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டினால் அதைக் குறைக்க விரைவாக வழிசெய்யவேண்டும் என்று சர்வதேச தொழில் அமைப்பு 1967இல் பரிந்துரைத்தது. பிற்காலத்தில், அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனம் முள்ளந்தண்டில் விழும் அழுத்தத்தையும் கணக்கில் எடுத்து, எல்லாம் சாதகமாக இருந்தால் 23 கிலோ என்றது. சாதகம் என்றால் பொருள் இடுப்பளவு உயரத்தில் இருக்கவேண்டும், உடலோடு ஒட்டியிருக்கவேண்டும், திரும்பத் தேவையிருக்கக்கூடாது, எப்போதாவதுதான் தூக்கவேண்டும். தரையிலிருந்து கையை நீட்டி, உடலைத் திருப்பித் தூக்கினால் அந்த 23உம் மளமளவென்று இறங்கிவிடும்.

இனிப் பரந்தனிலோ முரசுமோட்டையிலோ பெரும்போக அறுவடை நேரத்தில் லொறியில் ஏறும் நெல் மூடையை நினைத்துப் பாருங்கள். 60 கிலோவைத் தாண்டுவது வழமை. சீமெந்துப் பையும் யூரியாப் பையும் 50.

மூடையைச் சிறிதாக்கலாம் என்றால் முதலில் எதிர்ப்பவர்கள் சுமப்பவர்கள்தான். நடை கூடும், கூலி குறையும் என்கிறார்கள். மூடைக் கணக்கில் கூலி கொடுக்கும்வரை அவர்கள் சொல்வது சரி. கிலோக் கணக்குக்கு மாற்றிவிட்டால் அந்த எதிர்ப்புக்கு வேலையில்லை. கூலி கொடுக்கும் முறையும் முதுகில் ஏறும் பாரத்தின் ஒரு பகுதி என்பதை நாம் அடிக்கடி மறந்துபோகிறோம். மூடையைக் குறைக்க முடியாத இடத்தில், லொறித் தட்டின் உயரத்துக்கு ஒரு பலகை மேடையோ மண் திட்டோ போட்டுக்கொடுங்கள். தோளிலிருந்து மேலே உந்தும் அந்தக் கணத்தில்தான் பல முதுகுகள் பிடித்துக்கொள்கின்றன.

மருந்தடித்த அன்றைக்கு முழுவதும் தோளும் தலையும் வலிக்கிறது. மருந்தாலா, பாரத்தாலா?

இரண்டாலும் இருக்கலாம். முதுகில் மாட்டும் தெளிகருவிக்கு 16 லீற்றர் பிடிக்கும். நிரப்பினால் தண்ணீர் மட்டுமே 16 கிலோ, கருவியின் நிறை வேறு. கூட வரும் பட்டி இரண்டு விரல் அகலத்தில் தோளை வெட்டும். பழைய ரியூப்பையோ தடித்த துணியையோ சுற்றி அகலமாக்குங்கள். இடுப்பிலும் ஒரு பட்டி கட்டினால் தோளில் விழும் பாரத்தில் ஒரு பங்கு இடுப்புக்கு இறங்கும். தூர வயலுக்குப் பாதி நிரப்பிக்கொண்டு போவதில் வெட்கமில்லை.

அதைவிட முக்கியம் ஒழுக்கு. மூடியின் வளையம் தேய்ந்த கருவியிலிருந்து மருந்து முதுகில் வடிந்து, வியர்வையில் ஊறிய சட்டையோடு மணிக்கணக்காக ஒட்டியிருக்கும். தோல் வழியாகவும் மருந்து உடலுக்குள் போகும். தலைவலி, வாந்தி, கண் மங்கல், மிகுந்த உமிழ்நீர் என்று வந்தால் களைப்பு என்று படுத்துவிடாமல், சட்டையைக் கழற்றி, உடலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருந்துப் போத்தலையும் கொண்டுபோங்கள். அடைத்த தெளிமுனையை வாயால் ஊதும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

லாண்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திரம்) பிடித்தால் இரவில் கை விறைக்கிறது. ஏன்?

அதிர்வு. இயந்திரத்தின் நடுக்கம் பிடி வழியாகக் கைக்குள் ஏறி, காலப்போக்கில் விரலின் சிறு இரத்தக்குழாய்களையும் நரம்புகளையும் கெடுக்கிறது. குளிர் நாடுகளில் விரல் வெளிறிப்போவதால் உடனே பிடிபட்டுவிடும். நம்முடைய வெக்கையில் விரல் வெளிறுவது அரிது. விறைப்பும் ஊசி குத்துவதும் முதலில் தெரியும், சட்டைப் பொத்தான் போட முடியாமல் போவது பிறகு தெரியும். ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் இதற்கு அளவே வகுத்தது. எட்டு மணிநேர நாளுக்குக் கணக்கிட்ட அதிர்வு, செக்கன் வர்க்கத்துக்கு 2.5 மீற்றரைத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்கவேண்டும். 5 மீற்றரைத் தாண்டவே கூடாது.

நமக்கு அளக்கும் கருவி இல்லை. ஆனாலும் செய்யக்கூடியவை இருக்கின்றன. இயந்திரம் பொருத்திய ஆணிகளும் இறப்பர்த் தாங்கிகளும் தளர்ந்திருந்தால் நடுக்கம் கூடும். போகம் தொடங்குமுன் பார்த்துவிடுங்கள். பிடியை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க அதிர்வு அதிகமாகக் கைக்குள் ஏறும். ஒருவரே விடியற்காலையிலிருந்து பொழுதுபடும்வரை உழாமல் இருவர் மாறி உழலாம். தடித்த கையுறை போட்டால் போதும் என்று கடைக்காரர் சொல்வதை அதிகம் நம்பவேண்டாம். இப்படியான மெதுவான நடுக்கத்தை அது பெரிதாகத் தடுப்பதில்லை.

லாண்ட்மாஸ்டர் இழுக்கும் பெட்டியில் உட்கார்ந்து கிரவல் வீதியில் போகிறவருக்கு அதே அதிர்வு முதுகு வழியாக ஏறும். ஆசனத்துக்குக் கீழே வில் இல்லாவிட்டால், மடித்த சாக்காவது போடுங்கள்.

கச்சான் ஆயும்போது முழங்கால் பிடித்துக்கொள்கிறது.

நீண்ட நேரம் குந்தியிருப்பதற்கும் முழங்கால் தேய்மானத்துக்கும் தொடர்பு இருப்பது ஐயமில்லாமல் தெரிந்த விடயம். ஒரு சாண் உயர மணை போதும். செடியைப் பிடுங்கியவுடன் நிலத்தில் இருந்து ஆயாமல், நிழலில் மேசையோ தட்டோ போட்டு அதன்மேல் குவித்து ஆய்ந்தால் முழங்காலுக்கு வேலையே இல்லை. ஒட்டுசுட்டான் பக்கத்து அம்மாமாருக்கு இது தெரியாததல்ல; தட்டுக் கொண்டுவந்து போடுவது யார் வேலை என்பதுதான் கேள்வி. காணிக்காரரின் வேலை என்பது என் பதில்.

ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறேன். பாரம் தூக்குவதில்லை, உட்கார்ந்துதான் வேலை. பிறகும் கழுத்தும் தோளும் ஏன் இப்படி வலிக்கின்றன?

அசையாமல் இருப்பதும் உழைப்புத்தான். தலை ஊசியை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, கைகள் முன்னே நீண்டிருக்கின்றன, கால் மிதியில் இருக்கிறது. மூன்றையும் அப்படியே நிறுத்திவைக்கத் தசைகள் இடைவிடாமல் இறுகியிருக்கவேண்டும். இறுகிய தசைக்குள் இரத்தம் சரியாக ஓடாது. பாரம் தூக்குபவர் மூடையை இறக்கிய பிறகு மூச்சு விடுவார். உங்கள் கழுத்துத் தசைக்கு அந்த இடைவெளிகூடக் கிடைப்பதில்லை.

பார்க்கவேண்டியவை: கதிரையின் உயரம் மாற்றக்கூடியதா, முதுகு சாய்வு உண்டா? மிதி உங்களுக்கு மிகக் கிட்ட இருந்தால் கதிரையைப் பின்னே தள்ளுவீர்கள். உடல் சாய்வை விட்டு முன்னே வளையும். இயந்திர மேசையை உங்கள் பக்கம் சற்றுச் சரித்தால் கழுத்து வளைவு குறையும். ஊசிக்கு நேரே சிறு விளக்கு இல்லாவிட்டால் கண்ணுக்காகக் கழுத்து குனியும். இவை எல்லாம் மெக்கானிக் ஒருவர் ஒரு முற்பகலில் செய்யக்கூடிய திருத்தங்கள்.

செய்வதற்குக் கடினமானது பலகையில் எழுதும் டார்கெட். மணிக்கு இத்தனை பீஸ் என்ற எண், நீங்கள் எப்போது நிமிரலாம், எப்போது தண்ணீர் குடிக்கலாம், எப்போது மலசலகூடம் போகலாம் என்பதையெல்லாம் தீர்மானிக்கிறது. மலசலகூடம் போக அனுமதி கேட்கவேண்டியிருப்பதால் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பிள்ளைகள் உண்டு. சிறுநீர்த் தொற்று அங்கிருந்து வருகிறது, மதியத்துக்குப் பின் தலையிடியும் அங்கிருந்து வருகிறது. ஒரு லைனில் முப்பது பேர் இருந்தால், மாறி மாறி இடம் நிரப்ப ஒருவரைக் கூடுதலாக வைப்பது சம்பளப் பட்டியலில் செலவு என்று தெரியும். பழுதாகிய துணியும் வராமல் நின்ற ஆட்களும் அந்தப் பட்டியலில் தெரிவதில்லை.

கருவிக்கும் மனதுக்கும் என்ன தொடர்பு? மனம் திடமாக இருந்தால் போதாதா?

அமெரிக்க ஆய்வாளர் ரொபேர்ட் கராசெக் 1979இல் முன்வைத்த விளக்கம் இன்றைக்கும் எனக்குச் சரியாகப் படுகிறது. வேலை கடுமையாக இருப்பது மட்டும் ஆளை முறிப்பதில்லை. வேலை கடுமையாக இருந்து, அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமையும் இல்லாவிட்டால்தான் மனம் முறிகிறது. லண்டன் அரச ஊழியர்களிடம் மைக்கேல் மார்மொட் 1985இல் தொடங்கிய நீண்ட ஆய்வும் அதே திசையைக் காட்டியது. தம் வேலையில் தமக்குக் கட்டுப்பாடு குறைவு என்றவர்களுக்கு இதயநோய் கூடுதலாக வந்தது. கதிரையில் இருந்து கோப்புப் பார்த்த ஆட்கள் அவர்கள்.

வயலில் பொழுதுக்கும் நிற்கும் கமக்காரர், எப்போது தண்ணீர் திருப்புவது, எப்போது வீட்டுக்குப் போவது என்று தானே தீர்மானிக்கிறார். அவருடைய மகள் தொழிற்சாலையில் அதைவிட இலேசான வேலை செய்து, அதைவிட அதிகம் சோர்ந்து வீட்டுக்கு வருகிறாள். தாய் அதைச் சோம்பல் என்று நினைக்கிறாள். அது சோம்பல் அல்ல.

மறுபக்கத் தொடர்பும் உண்டு. வலி நித்திரையைக் கெடுக்கும்; நித்திரை கெட்டால் எரிச்சல் வரும், கவனம் சிதறும்; கவனம் சிதறினால் கை அடிபடும். நீண்ட நேர வேலையைப் பற்றி உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழில் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட கணக்கு இது: வாரம் 35 முதல் 40 மணிநேரம் வேலை செய்பவரோடு ஒப்பிட்டால், 55 மணிநேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவருக்குப் பக்கவாத ஆபத்து 35 வீதம் அதிகம், இதயநோயால் இறக்கும் ஆபத்து 17 வீதம் அதிகம். பகலில் ஒரு வேலை, மாலையில் கடை, வார இறுதியில் வயல் என்று ஓடுபவர்கள் மூன்றையும் கூட்டிப் பார்க்கவேண்டும். நுண்கடன் தவணை நாள் வந்தால் இந்தக் கணக்கு யாருக்கும் நினைவிருக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

பிழை விடுகிறவர் கவனக்குறைவானவர்தானே? அதற்கும் கருவி மேல் பழியா?

இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் தரையிறங்கிய கையோடு சக்கரம் மடிந்து விபத்துக்குள்ளாகின. விமானியின் பிழை என்று எழுதிவைத்தார்கள். அல்போன்ஸ் சபானிஸ் என்ற இளம் உளவியலாளர் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். சக்கரத்தை மடிக்கும் ஆளியும் இறக்கையின் மடிப்பை இயக்கும் ஆளியும் ஒரே வடிவில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. களைத்த கை மாறிப்போனது. ஒன்றின் நுனியில் சக்கர வடிவில் இறப்பர்த் துண்டும் மற்றதில் ஆப்பு வடிவத் துண்டும் பொருத்தினார்கள். கைக்கு வித்தியாசம் தெரிந்தது, அந்த வகை விபத்து ஒழிந்தது.

அரிசி ஆலையில் நிறுத்தும் ஆளியும் இயக்கும் ஆளியும் ஒரே கறுப்பு நிறத்தில் இருந்தால் அதே கதைதான். களைநாசினிப் போத்தலும் பூச்சிநாசினிப் போத்தலும் ஒரே தட்டில், ஒரே பச்சை மூடியோடு இருந்தாலும் அதே கதைதான். "பார்த்துச் செய்" என்று நாளுக்குப் பத்துத் தடவை கத்துவதைவிட, ஒரு முறை சிவப்பு மை பூசுவது மலிவு. சுழலும் பட்டிக்கு மறைப்புப் போடாத ஆலையில் சேலைத் தலைப்பு சிக்கினால், அந்தப் பெண் கவனமாக இருந்திருக்கவேண்டும் என்று சொல்ல யாருக்கும் வாய் வரக்கூடாது.

வெயிலை என்ன செய்வது? அதை மாற்ற முடியாதே.

வெயிலை மாற்ற முடியாது, நேரத்தை மாற்றலாம். ஏப்ரல், மே மாதங்களில் கொங்கிறீற் போடுவதையும் கூரை வேலையையும் காலை பத்தரைக்குள் முடித்துவிட்டு மாலையில் தொடரும் மேசன்மாரும் ஓடாவிமாரும் இருக்கிறார்கள். மற்றவர்களுக்கு இடையூறாக இருப்பது நாட்சம்பளக் கணக்குத்தான்.

தாகம் எடுக்கும்வரை காத்திராமல் கால் மணிக்கும் இருபது நிமிடத்துக்கும் இடையில் ஒரு குவளை தண்ணீர் குடியுங்கள். தண்ணீர்க் குடத்தை வேலை நடக்கும் இடத்துக்கே கொண்டுபோய் நிழலில் வையுங்கள். புதிதாகச் சேர்ந்தவரையும் நோயால் படுத்து எழும்பியவரையும் முதல்நாளே முழு வேலையில் விடக்கூடாது. முதல்நாள் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு நாளுக்கு நாள் கூட்டுவது பாதுகாப்பான முறை. வெக்கையால் சாகிறவர்களில் புதியவர்கள்தான் அதிகம். ஒருவர் வியர்க்காமல், கதை குழம்பி, தடுமாறினால் அது அவசர நிலை: நிழல், உடல் முழுக்கத் தண்ணீர், 1990 அம்புலன்ஸ்.

சிறுநீரகத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். வடமத்திய மாகாணத்தில் 1990களில் கவனத்துக்கு வந்த, வழக்கமான காரணங்களுக்குள் அடங்காத சிறுநீரக நோய் வவுனியாப் பக்கமும் இருக்கிறது. குடிநீரா, விவசாய இரசாயனமா, வெக்கையில் நீர் வற்றுவதா, எல்லாம் சேர்ந்தா என்று ஆய்வாளர்களிடையே முடிவான உடன்பாடு இல்லை. மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும் இதையொத்த நோய் உண்டு. அங்கே தண்ணீர், நிழல், கட்டாய ஓய்வு மூன்றையும் வேலையின் பகுதியாக்கிய இடங்களில் வெட்டுபவர்களின் சிறுநீரகப் பாதிப்புக் குறைந்தது. காரணம் தீர்மானமாகும்வரை காத்திராமல் செய்யக்கூடிய காரியம் அது.

கண்ணிவெடி அகற்றுபவர்களைப் பார்த்தால் மணிக்கணக்காக முழந்தாளில் இருக்கிறார்கள். அது இன்னும் மோசம் அல்லவா?

முகமாலையில் மார்புக்கவசமும் முகமறைப்பும் போட்டுக்கொண்டு வெயிலில் மண் கிளறும் வேலை, நாட்டிலேயே கடுமையான வேலைகளில் ஒன்று. அவர்களில் பலர் குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள். ஆனால் மற்ற வேலைத்தலங்கள் படிக்கவேண்டிய பாடமும் அங்கே இருக்கிறது. களைத்த ஆள் பிழை விடுவார் என்பதை அந்தத் தொழில் ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொள்கிறது. ஆகவே ஓய்வு நேரம் விதியில் எழுதப்பட்டிருக்கிறது. கருவி ஒவ்வொன்றும் கையிலிருந்து வெடிக்கு உள்ள தூரத்தை யோசித்துச் செய்யப்படுகிறது. அவசர மருத்துவ உதவி பக்கத்திலேயே நிற்கிறது. தையல் லைனில் களைப்பு ஆளைக் கொல்லாது என்பதால் அங்கே ஓய்வைச் சலுகையாக நினைக்கிறோம்.

போரில் காயப்பட்டவர்கள், உறவுகளை இழந்தவர்கள் எங்களோடு வேலை செய்கிறார்கள். எதைக் கவனிக்கவேண்டும்?

உடலில் எறிகணைச் சிதறலோடு வேலை செய்பவர் வன்னியில் அரிதானவர் அல்ல. எந்தப் பக்கம் சாய்ந்தால் நோகும், எந்த அதிர்வு ஆகாது என்பது அவருக்குத்தான் தெரியும். கேட்டு இடம் கொடுங்கள். செயற்கைக்கால் போட்டவருக்கு வியர்வையும் சேறும் முதல் எதிரிகள். காலைக் கழற்றித் துடைத்து மாட்ட ஓர் இடமும் நேரமும் வேண்டும். செயற்கைக்கால் பொருந்தாமல் புண்பட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு நடக்காமல், யாழ்ப்பாணத்தில் உள்ள ஜெய்ப்பூர் நிலையம் போன்ற இடத்தில் திருத்திக்கொள்ளலாம். கால் மிதியால் இயங்கும் கருவி பலவற்றைக் கையால் இயங்கும்படி மாற்றமுடியும்.

மனதைப் பொறுத்தவரை, மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 2010இல் வன்னி மக்களைப் பற்றி எழுதியபோது, பாதிப்பைத் தனியாளின் நோயாக மட்டும் பார்க்காமல் குடும்பமும் ஊரும் சேர்ந்து பட்ட காயமாகப் பார்த்தார். வேலைத்தலம் அந்த ஊரின் ஒரு பகுதி. தீயெச்சரிக்கைச் சைரனைச் சோதிப்பதென்றால் முதல்நாளே சொல்லுங்கள். ஒருவரின் முதுகுப் பக்கமாகப் போய்த் திடீரென்று கத்தாதீர்கள். கதவைப் பார்த்தபடி இருக்க விரும்புபவருக்கு அந்த இடத்தைக் கொடுங்கள். போர் முடிந்த மே மாதத்தில் லீவு கேட்டால் காரணத்தைத் துருவாதீர்கள்.

நித்திரையின்மை, பதற்றம், எதிலும் பிடிப்பில்லாமை வாரக்கணக்காக நீடித்தால் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. "விசர்" என்று ஊர் சொல்லும் என்ற அச்சத்தில் போகாமல் இருப்பவர்கள் முதலில் 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் பேசலாம். அது தேசிய மனநல நிறுவகத்தின் சேவை.

அலுவலக வேலைக்கு இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தால் கழுத்து குனியும், தோள் உயரும். நான்கைந்து தடித்த கோப்புகளை அடியில் வைத்துத் திரையைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். தனி விசைப்பலகை ஒன்று வாங்குங்கள். முழங்கை மேசை மட்டத்தில் இருக்கட்டும், பாதம் தரையில் படட்டும்.

இரவு ஒன்பது மணிக்கு அலுவலக வட்ஸ்அப் குழுவில் "நாளைக் காலைக்குள் அறிக்கை வேண்டும்" என்று வருவதும் வேலையின் வடிவமைப்புத்தான், அதுவும் மோசமான வடிவமைப்பு. மேலதிகாரி அனுப்பும் நேரத்தை மாற்றினால் ஓர் அலுவலகமே நித்திரை கொள்ளும்.

பாடசாலையில் மதிய உணவு சமைக்கும் தாய்மாருக்கு?

அடுப்பை உயர்த்துங்கள். பெரிய பானையைத் தரையடுப்பிலிருந்து இருவர் குனிந்து இறக்குவதில் முதுகும் போகும், கொதிநீரும் கொட்டும். புகைபோக்கி இல்லாத குசினி சுவாசப்பைக்குக் கேடு. காய் வெட்டும் மேசை முழங்கைக்குச் சற்றுக் கீழே இருந்தால் சரி.

சட்டம் எங்களுக்கு என்ன தருகிறது?

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் காற்றோட்டம், வெளிச்சம், இயந்திர மறைப்பு, மலசலகூடம் போன்றவற்றை முதலாளியின் கடமையாக்குகிறது. தொழிற்சாலையில் பெண்களின் மேலதிக நேர வேலை மாதத்துக்கு 60 மணிநேரத்தைத் தாண்டக்கூடாது. கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டப்படி நாளுக்கு 8, வாரத்துக்கு 45 மணிநேரம். வேலையில் அடிபட்டாலோ தொழில்நோய் வந்தாலோ 1934ஆம் ஆண்டின் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் பதியும்போது "வேலையில் நடந்தது" என்று சொல்லி எழுதுவியுங்கள். வீட்டில் விழுந்ததாகச் சொல்லச் சொல்பவரை நம்பி உரிமையை இழக்காதீர்கள். முறைப்பாட்டுக்குத் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகம்.

நாட்கூலிக்கு வயலிலும் மீன்வாடியிலும் நிற்பவரை இவை நடைமுறையில் எட்டுவது அரிது. அந்த ஓட்டையைக் கமக்காரர் அமைப்புகளும் கடற்றொழிலாளர் சங்கங்களும்தான் இப்போதைக்கு அடைக்கவேண்டும்.

இதையெல்லாம் கேட்டால் வேலை போய்விடுமே. எப்படித் தொடங்குவது?

தனியாளாகப் போகவேண்டாம். ஒரு தாளில் மனித உடலின் வடிவத்தைக் கீறி, முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் வரைந்து, மதிய இடைவேளையில் ஆளுக்கொரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம். ஒரே லைனில் எல்லாப் புள்ளியும் வலது தோளில் விழுந்தால், அது யாருடைய தனிப்பட்ட பலவீனமும் இல்லை என்று முதலாளிக்கும் தெரிந்துவிடும். அந்தத் தாளோடு ஒரேயொரு சிறு திருத்தத்தைக் கேளுங்கள். பட்டியல் நீட்டினால் எல்லாம் சேர்ந்து நிராகரிக்கப்படும்.

கேட்கும் நேரமும் முக்கியம். பூட்டிய இயந்திரத்தைக் கழற்றி மாற்ற யாரும் விரும்பமாட்டார்கள். புதிய இயந்திரமோ கதிரையோ தெளிகருவியோ வாங்கப் பேச்சு அடிபடும்போதே உள்ளே நுழையுங்கள். மாதிரிக்கு ஒன்றைக் கொண்டுவந்து, அதைப் பாவிக்கப் போகிறவர்களில் மிகக் குட்டையானவரும் மிக உயரமானவரும் இரண்டு நாள் வேலை செய்து பார்த்த பிறகு மிச்சத்தை வாங்குங்கள் என்று சொல்லுங்கள். கடைக்காரர் சம்மதிக்காவிட்டால் வேறு கடை பார்க்கலாம்.